கால்வினின் மனமாற்றமும் அதன் வரலாற்று முக்கியத்துவமும்

திருச்சபை வரலாற்றில் நிகழ்ந்த பெருந்திருப்பங்கள் பல, தனி மனிதர் ஒருவரின் உள்ளத்தில் ஏற்பட்ட மாற்றத்தோடு தொடர்புடையன. தமஸ்குவுக்குச் செல்லும் வழியில் பவுலுக்கு நேர்ந்ததை அறியாத கிறிஸ்தவர் இலர். 386ஆம் ஆண்டில் மிலான் நகரத் தோட்டமொன்றில் அகுஸ்தீனார் பெற்ற அனுபவமும், ரோமர் நிருபத்தின் முதலாம் அதிகாரத்தோடு போராடி மார்ட்டின் லூத்தர் கண்ட தெளிவும், 1738ஆம் ஆண்டு மே 24ஆம் நாள் லண்டன் ஆல்டர்ஸ்கேட் தெருவில் ஜான் வெஸ்லியின் உள்ளத்தில் மூண்ட அனலும் நம் பிரசங்கங்களில் அடிக்கடி எடுத்தாளப்படுகின்றன. ஆனால் சீர்திருத்தத் திருச்சபைகளின் தந்தையருள் ஒருவராகிய ஜான் கால்வினின் மனமாற்றத்தைப் பற்றி நாம் கேட்பது அரிது.

அதற்குக் காரணம் உண்டு. கால்வின் தம்மைப் பற்றிப் பேச விரும்பாதவர். பல்லாயிரம் பக்கங்களை எழுதிக் குவித்த அவர், தம் மனமாற்றத்தைக் குறித்து வெளிப்படையாக எழுதியது சில வரிகளே. அவ்வரிகளிலும் இடம் இல்லை, நாள் இல்லை, காட்சியோ குரலோ இல்லை. இதனால், பிரசங்கியார் எடுத்துச் சொல்லத்தக்க கதை எதுவும் அங்கு இல்லையென்று தோன்றலாம். எனினும் அச்சில வரிகளில் கால்வின் தேர்ந்தெடுத்த ஒரு சொல், அவருடைய இறையியலுக்கும் அவர் அமைத்த சபை ஒழுங்குக்கும் திறவுகோலாக விளங்குகிறது என்பது நம் கருத்து. அச்சொல்லின் பொருளை வரலாற்றின் வெளிச்சத்தில் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. சான்றுகள்

கால்வினின் மனமாற்றத்தை ஆராய்வோருக்கு முதன்மையான சான்று, 1557ஆம் ஆண்டில் வெளிவந்த சங்கீத விளக்கவுரைக்கு அவர் எழுதிய முன்னுரையாகும். அப்பொழுது அவருக்கு வயது 48. தாவீதின் வாழ்க்கையில் தம் வாழ்க்கையின் சாயலைக் கண்ட அவர், ஆட்டு மந்தையினின்று தாவீது எடுக்கப்பட்டதுபோலத் தாமும் தாழ்ந்த நிலையினின்று ஊழியத்திற்கு எடுக்கப்பட்டதாகக் கூறுகிறார். தந்தை முதலில் தம்மை இறையியல் கல்விக்கென்று குறித்ததையும், பின்னர்ச் சட்டக் கல்வி செல்வம் தரும் என்று கண்டு எண்ணத்தை மாற்றியதையும் சொல்லி, கடவுளோ மறைவான தம் பராமரிப்பினால் தம்மை வேறு திசைக்குத் திருப்பினார் என்கிறார். தாம் பழைய சமய வழக்கங்களில் ஆழ்ந்த சேற்றில் சிக்கியவர்போல் பிடிவாதமாக ஊன்றியிருந்தபடியால் எளிதில் வெளிவர இயலவில்லை என்றும், வயதுக்கு மீறிக் கடினப்பட்டிருந்த தம் மனத்தைக் கடவுள் சடுதியான மனமாற்றத்தினால் அடக்கிக் கற்கும் பணிவுக்குக் கொண்டுவந்தார் என்றும் எழுதுகிறார்.

இரண்டாவது சான்று, 1539ஆம் ஆண்டில் கர்தினால் சதோலெத்தோவுக்கு அவர் எழுதிய மறுமொழி. ஜெனீவா மக்களை மீண்டும் ரோமச் சபையோடு சேரும்படி சதோலெத்தோ அழைத்தபோது, கால்வின் அதற்கு விடை எழுதினார். அதில், கடவுளின் நியாயாசனத்தின்முன் ஓர் ஊழியரும் ஒரு சாதாரண விசுவாசியும் தத்தம் அறிக்கையைச் சொல்வதாக இரு பகுதிகள் வருகின்றன. புதிய போதனையை முதலில் தான் வெறுத்து எதிர்த்ததாகவும், திருச்சபையின்மேல் கொண்ட பயபக்தியே தன்னைத் தடுத்து நிறுத்தியதாகவும் அவ்விசுவாசி கூறுகிறான். இதைக் கால்வினின் சொந்தச் சரிதையாகவே பலர் வாசித்துள்ளனர். ஆனால் இது ஒரு கதாபாத்திரத்தின் வாயில் வைக்கப்பட்ட பேச்சாதலால், இதைச் சரிதையாகக் கொள்வதில் எச்சரிக்கை வேண்டும்.

மூன்றாவதாக, கால்வின் மறைந்த 1564ஆம் ஆண்டிலேயே அவருடைய உடன் ஊழியர் பெசா எழுதிய வாழ்க்கை வரலாறு உள்ளது. கால்வினின் உறவினரும் பின்னர்த் திருமறையைப் பிரெஞ்சு மொழியில் பெயர்த்தவருமான ஒலிவெத்தான் என்பவரே அவருக்கு உண்மைச் சமயத்தை அறிமுகப்படுத்தியதாகப் பெசா கூறுகிறார்.

2. மனமாற்றத்திற்கு முந்திய ஆண்டுகள்

கால்வின் 1509ஆம் ஆண்டு ஜூலை 10ஆம் நாள் பிரான்சு நாட்டின் வடபகுதியிலுள்ள நோயோன் நகரில் பிறந்தார். தந்தை ஜெரார் அந்நகரத்துப் பேராலய நிர்வாகத்தில் எழுத்துப் பணி செய்தவர். தந்தையின் செல்வாக்கினால், 12 வயது நிறையுமுன்னரே, 1521ஆம் ஆண்டில், பேராலயத்துப் பீடமொன்றின் வருமானத்தில் ஒரு பங்கு சிறுவன் கால்வினுக்கு ஒதுக்கப்பட்டது. குருப்பட்டம் பெறாமலே, ஊழியமும் செய்யாமலே பெறும் வருமானம் அது. அக்காலத்தில் இது பரவலான வழக்கம். அவ்வருமானமே அவருடைய கல்விச் செலவுக்கு உதவியது. பழைய சபையோடு கால்வினைப் பிணைத்திருந்த கயிறுகளில் இதுவும் ஒன்று என்பதை நாம் மறத்தலாகாது.

பாரிஸ் நகரில் கோர்தியே என்னும் சிறந்த ஆசிரியரிடம் இலத்தீன் மொழியைக் கற்றார். பின்னர்க் கடுமையான ஒழுங்குக்குப் பெயர்பெற்ற மோந்தேகுக் கல்லூரியில் பயின்றார். தந்தையின் கட்டளைப்படி ஓர்லேயானிலும் பூர்ஷிலும் சட்டம் பயின்றபோது, லூத்தரின் கருத்துகளில் ஈடுபாடு கொண்டிருந்த வோல்மார் என்னும் ஜெர்மானியரிடம் கிரேக்க மொழியைக் கற்கத் தொடங்கினார். தாம் கற்றுக்கொண்ட ஆசிரியர்களைக் கால்வின் ஒருநாளும் மறந்ததில்லை. 1546இல் 2 கொரிந்தியர் விளக்கவுரையை வோல்மாருக்கும், 1550இல் 1 தெசலோனிக்கேயர் விளக்கவுரையைக் கோர்தியேக்கும் அவர் உரிமையாக்கினார்.

இதற்கிடையில் தந்தைக்கும் பேராலயக் குருமார் குழுவுக்கும் கணக்கு விவகாரத்தில் பிணக்கு ஏற்பட்டது. தந்தை சபை நீக்கம் செய்யப்பட்ட நிலையிலேயே 1531ஆம் ஆண்டு மே மாதம் மரித்தார். அவரை அர்ச்சிக்கப்பட்ட நிலத்தில் அடக்கம் செய்வதற்கு மூத்த மகன் ஷார்ல் மன்றாட வேண்டியதாயிற்று. இத்துயரம் கால்வினின் உள்ளத்தில் என்ன விளைவை உண்டாக்கியது என்பதை அவர் எழுதவில்லை. ஆதலால் மனமாற்றத்திற்கு இதையே காரணமாகக் காட்டுவோரின் கூற்று ஊகமேயன்றி வேறன்று.

தந்தை மறைந்தபின் கால்வின் தாம் விரும்பிய இலக்கியக் கல்விக்குத் திரும்பினார். 1532ஆம் ஆண்டில் தம் சொந்தச் செலவில் முதல் நூலை வெளியிட்டார். அது ரோமத் தத்துவ அறிஞர் செனெக்கா, மன்னர்க்குரிய இரக்கத்தைப் பற்றி எழுதிய நூலுக்கு ஓர் உரை. எராஸ்மஸ் போன்ற பேரறிஞர்களின் வரிசையில் இடம்பெற விழையும் இளைஞர் ஒருவரை அதில் காண்கிறோம். சீர்திருத்தவாதியை அதில் காண்பது அரிது.

3. காலத்தைப் பற்றிய விவாதம்

அவ்வாறாயின் மனமாற்றம் எப்பொழுது நிகழ்ந்தது? 1533ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள், சகல பரிசுத்தவான்கள் திருநாளில், பாரிஸ் பல்கலைக்கழகத்தின் புதிய தலைவரான நிக்கோலாஸ் கோப் ஓர் உரை நிகழ்த்தினார். மத்தேயு ஐந்தாம் அதிகாரத்தின் பாக்கியவசனங்களை எடுத்துக்கொண்டு, நியாயப்பிரமாணத்தையும் சுவிசேஷத்தையும் வேறுபடுத்தி அவர் பேசியதில் எராஸ்மஸின் குரலும் லூத்தரின் குரலும் கேட்டன. எதிர்ப்பு மூண்டது. கோப் பாசல் நகருக்குத் தப்பியோடினார். அவருடைய நண்பரான கால்வினும் பாரிஸைவிட்டு வெளியேற நேரிட்டது. அவ்வுரையின் ஒரு பகுதி கால்வினின் கையெழுத்தில் ஜெனீவாவில் காக்கப்பட்டுள்ளது. ஆயினும் அதை இயற்றியவர் அவரே என்று உறுதிகூற அது போதாது.

1534ஆம் ஆண்டு மே 4ஆம் நாள் கால்வின் தம் சொந்த ஊராகிய நோயோனுக்குச் சென்று, சிறுவயது முதல் பெற்றுவந்த சபை வருமானங்களைத் துறந்தார். குருப்பட்டம் பெறத்தக்க 25 வயதை அவர் நெருங்கிக்கொண்டிருந்த நேரம் அது. குருப்பட்டம் பெறுவதா, துறப்பதா என்னும் கேள்விக்கு அவர் செயலால் விடையளித்தார். அவருடைய மனமாற்றத்திற்கு வெளிப்படையான, நாள் குறித்த சான்று இது ஒன்றே.

எனினும் இச்செயல் மனமாற்றத்தின் தொடக்கமா, அதன் கனியா என்பதில் அறிஞர் வேறுபடுகின்றனர். ஆங்கில அறிஞர் பார்க்கர் 1975ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில், மனமாற்றம் சட்டக் கல்விக் காலத்திலேயே, அதாவது 1529-30 அளவில், நிகழ்ந்ததென்று வாதிட்டார். வேறு பலர் 1533ஐயோ 1534ஐயோ குறிக்கின்றனர். கத்தோலிக்க இறையியலாளர் கனோட்சி 1966ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சியில், இளமைக்கால ஆவணங்களில் சடுதியான முறிவு எதுவும் தென்படவில்லை. படிப்படியான மாற்றமே தென்படுகிறது. 1557ஆம் ஆண்டு முன்னுரை கடந்துபோனதை விசுவாசக் கண்ணோடு திரும்பிப் பார்த்து எழுதப்பட்ட இறையியல் விளக்கமாகும் என்று காட்டினார்.

இவ்விவாதத்தில் ஒரு சொல்லாராய்ச்சியும் இடம்பெறுகிறது. ‘சடுதியான’ என்று நாம் பெயர்க்கும் இலத்தீன் சொல் ‘சுபிதா’ என்பதாகும். செனெக்காவின் நூலுக்கு எழுதிய உரையில், முன்னெண்ணமின்றி நேரிடுவது என்னும் பொருளும் இச்சொல்லுக்கு உண்டு எனக் கால்வினே குறித்திருப்பதைப் பார்க்கர் எடுத்துக்காட்டினார். இப்பொருளைக் கொண்டால், கால்வின் வலியுறுத்துவது மாற்றத்தின் வேகத்தையன்று. அது தம் எண்ணத்தினின்று பிறவாமல் கடவுளிடமிருந்து வந்தது என்பதையே. ஆண்டுக்கணக்கில் படிப்படியாக நிகழ்ந்த மாற்றமும் இப்பொருளில் ‘எதிர்பாராத’ மாற்றமே. அது கடவுளின் செயலாக இருப்பதற்கு ஒரு நாளில் முடிந்திருக்க வேண்டும் என்னும் கட்டாயமில்லை. நாள் பற்றிய வழக்கு இன்னும் தீரவில்லை. தீராதிருப்பதும் ஒருவாறு பொருத்தமே. நாளைச் சொல்வது தேவையென்று கால்வின் கருதியிருந்தால் அவரே சொல்லியிருப்பார்.

4. கற்கும் பணிவு

நம் கவனத்திற்கு உரிய சொல் வேறொன்று. கடவுள் தம் மனத்தை எந்நிலைக்குக் கொண்டுவந்தார் என்று கால்வின் சொல்கிறார்? சமாதானத்திற்கு என்று சொல்லவில்லை. நிச்சயத்திற்கு என்றும், மகிழ்ச்சிக்கு என்றும் சொல்லவில்லை. ‘தோசிலித்தாஸ்’ என்னும் இலத்தீன் சொல்லை அவர் ஆளுகிறார். போதிக்கப்பட இடங்கொடுக்கும் தன்மை, கற்பிப்பவருக்கு இணங்கும் மனம் என்பது அதன் பொருள். இதையே நாம் ‘கற்கும் பணிவு’ என்கிறோம்.

இச்சொல்லை எழுதியவர் யார் என்பதை எண்ணிப் பார்த்தால் இதன் வலிமை விளங்கும். மனமாற்றத்திற்கு முன் கால்வின் கல்லாதவர் அல்லர். இலத்தீன் இலக்கியத்திலும் சட்டத்திலும் தேர்ந்து, 23 வயதுக்குள் நூல் வெளியிட்டவர். கற்றவராயிருந்தும் தாம் கற்பிக்கப்பட இணங்காதவராயிருந்ததாக அவர் பின்னர்க் கண்டார். நூல்களைக் கற்பதில் கற்பவன் தானே நீதிபதியாக அமர்ந்திருக்கலாம். ஏற்பதை ஏற்று, தள்ளுவதைத் தள்ளலாம். கடவுளின் வார்த்தையின்முன் அவ்வாறு அமர இயலாது. அங்கே நீதிபதியாயிருந்தவன் மாணாக்கனாகிறான். மனமாற்றம் என்று கால்வின் கூறுவது இந்த இடமாற்றத்தையே.

லூத்தரோடு ஒப்பிட்டால் இது மேலும் தெளிவாகும். லூத்தர் 1545ஆம் ஆண்டில் தம் இலத்தீன் நூல்களுக்கு எழுதிய முன்னுரையில், கடவுளின் நீதி என்னும் சொல் தம்மை எவ்வாறு அச்சுறுத்தியதென்றும், அது கடவுள் விசுவாசத்தின் வழியாக அருளும் நீதி என்று உணர்ந்தபோது பரதீசின் வாயில் திறந்ததுபோல் இருந்ததென்றும் விவரிக்கிறார். அங்கே கலங்கிய மனச்சாட்சி ஆறுதல் அடைகிறது. கால்வினிடத்திலோ, கடினப்பட்ட மனம் அடக்கப்படுகிறது. விசுவாசத்தினால் நீதிமானாக்கப்படுதல் என்னும் போதனையில் இருவரும் ஒன்றுபட்டவர்களே. ஆனால் லூத்தர் விடுதலையின் மொழியில் பேசுமிடத்தில், கால்வின் சீஷத்துவத்தின் மொழியில் பேசுகிறார்.

மனமாற்றத்தின் உடனடிப் பயன் என்ன என்பதையும் அதே முன்னுரை கூறுகிறது. மெய்யான பக்தியின் சுவையைச் சிறிது அறிந்தவுடன் அதில் முன்னேறும் ஆவல் பற்றியெரிந்ததென்றும், மற்றப் படிப்புகளை விட்டுவிடாவிட்டாலும் அவற்றில் நாட்டம் குறைந்ததென்றும், ஓர் ஆண்டு கழியுமுன்னரே தூய போதனையை நாடினோர் தம்மிடம் கற்க வந்தனரென்றும், தாமோ அப்பொழுதுதான் தொடங்கியவராயிருந்ததாகவும் சொல்கிறார். மனமாற்றம் அவருக்கு ஒரு பள்ளியின் நுழைவாயில். முடிவடைந்த அனுபவமாக அவர் அதை எண்ணவில்லை.

5. மனமாற்றமும் அழைப்பும்

சங்கீத முன்னுரையில் மனமாற்றத்திற்குக் கிடைத்த இடம் சிறிது. அதன்பின் தாம் ஊழியத்திற்கு இழுக்கப்பட்டதற்குக் கிடைத்த இடமோ பெரிது. கால்வின் இயல்பாகவே கூச்சமும் தனிமை விருப்பமும் உடையவர். ஓய்ந்திருந்து எழுதுவதே அவருடைய ஆசை. 1534ஆம் ஆண்டு அக்டோபரில் பாரிஸிலும் பிற நகர்களிலும் திருப்பலியைத் தாக்கும் சுவரொட்டிகள் ஒட்டப்பட்டதையடுத்துக் கொடிய துன்புறுத்தல் எழுந்தது; கால்வினுடைய நண்பர் ஒருவரும் எரிக்கப்பட்டார். கால்வின் பாசல் நகரில் ஒதுங்கினார். துன்புறுத்தப்பட்டோர் கலகக்காரர் என்று அவதூறு பரப்பப்பட்டதைக் கண்டு, மௌனமாயிருப்பது துரோகம் என்றெண்ணி, 1536ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் ‘கிறிஸ்தவ சமய போதனை’ என்னும் நூலின் முதற்பதிப்பை வெளியிட்டார்.

அவ்வாண்டின் கோடைக்காலத்தில் ஸ்ட்ராஸ்பர்க் நகருக்குச் செல்லப் புறப்பட்டவர், போரினால் நேர்வழி அடைபட்டிருந்தபடியால் ஜெனீவா வழியாகச் செல்ல நேர்ந்தது. ஓர் இரவு தங்கிச் செல்வதே எண்ணம். அந்நகர மக்கள் சீர்திருத்தத்தை ஏற்று மூன்று மாதங்கள்கூட நிறையாத நேரம் அது. அங்கு ஊழியம் செய்த ஃபாரெல், கால்வினைத் தங்கும்படி வேண்டினார். வேண்டுதல் பயன்படாதபோது, இத்தனை பெரிய தேவையில் உதவ மறுத்தால் அவர் நாடும் அமைதியைக் கடவுள் சபிப்பார் என்று எச்சரித்தார். கால்வின் அஞ்சிப் பணிந்தார். 1538ஆம் ஆண்டு ஏப்ரலில் நகரமன்றத்தினர் அவரையும் ஃபாரெலையும் வெளியேற்றினர். இனி ஊழியம் வேண்டாம் என்றிருந்தவரை, யோனாவின் முன்மாதிரியைக் காட்டி ஸ்ட்ராஸ்பர்க்கிற்கு அழைத்தார் புட்சர். அங்கே பிரெஞ்சு அகதிகளின் சபையை மேய்த்த மூன்று ஆண்டுகளில், சபை ஒழுங்கையும் ஆராதனை முறையையும் கால்வின் புட்சரிடம் கற்றார்.

ஜெனீவா அவரை மீண்டும் அழைத்தபோது அவர் நடுங்கினார். 1540ஆம் ஆண்டு அக்டோபரில் ஃபாரெலுக்கு எழுதிய கடிதத்தில், தெரிவு தம்முடையதாயிருந்தால் இதற்கு இணங்கியிருக்கமாட்டேன் என்றும், தாம் தமக்குரியவரல்லர் என்று நினைவுகூர்ந்து தம் இருதயத்தை ஆண்டவருக்குப் பலியாகச் செலுத்துவதாகவும் எழுதினார். 1541ஆம் ஆண்டு செப்டம்பர் 13ஆம் நாள் திரும்பிவந்தார். பிரசங்க பீடத்தில் ஏறியபோது தம்மைத் துரத்தியவர்களைக் கண்டித்துப் பேசவில்லை. முன்பு எவ்விடத்தில் விளக்கவுரையை நிறுத்தியிருந்தாரோ, அவ்விடத்திலிருந்தே தொடர்ந்தார். தம் வழக்கைப் பேசாமல் திருமறையைப் பேசவிட்ட அச்செயல், கற்கும் பணிவுக்கு நல்ல எடுத்துக்காட்டாகும்.

6. இறையியலில் அதன் தடம்

கால்வினின் இறையியல் நூலில் மனந்திரும்புதல் என்னும் பொருள் மூன்றாம் புத்தகத்தில் விரிவாக ஆராயப்படுகிறது. மனந்திரும்புதல் விசுவாசத்திற்கு முன்னதாக நாம் நிறைவேற்றும் தகுதியன்று, விசுவாசத்தினின்று பிறப்பது. பழைய மனிதன் சாதலும் புதிய மனிதன் உயிர்த்தலும் அதன் இரு பகுதிகள். அது ஒரு நாளிலோ ஓர் ஆண்டிலோ நிறைவெய்துவதன்று. வாழ்நாள் முழுவதும் தொடர்வது. சில நாள் துக்கத்தோடு மனந்திரும்புதலை முடித்துவிட்டதாகக் கருதியோரை அவர் கடிந்துகொள்கிறார். நாள் குறிப்பிடாத மனமாற்றத்தை உடையவர் இவ்வாறு போதித்தது வியப்பன்று.

கடவுளை அறிதல் என்பதும் அவருக்குக் கீழ்ப்படிதலினின்று பிறக்கும் அறிவே. கற்பனையால் எட்டும் அறிவாக அதை அவர் கருதவில்லை. திருமறைக்கு மாணாக்கனாகாதவன் கடவுளைப் பற்றிய தூய போதனையைச் சிறிதும் சுவைக்க இயலாது என்னும் கருத்து அந்நூலின் முதற்புத்தகத்தில் இடம்பெறுகிறது. திருமறை வாய்திறந்து போதிக்குமிடத்தில் கற்பதும், அது மௌனமாயிருக்குமிடத்தில் நிறுத்துவதும் ஒரே பணிவின் இரு முகங்கள்.

அந்நூலின் வரலாறே இதற்குச் சான்று. 1536ஆம் ஆண்டில் 6 அதிகாரங்களாக இருந்தது 1539இல் 17 ஆயிற்று. 1559ஆம் ஆண்டின் இறுதி இலத்தீன் பதிப்பில் 4 புத்தகங்களும் 80 அதிகாரங்களும் உள்ளன. அடிப்படைப் போதனை மாறவில்லை. எனினும் 23 ஆண்டுகள் அவர் அதைத் திருத்தியும் விரித்தும் ஒழுங்குபடுத்தியும் வந்தார். எழுதுவதும் கற்பதும் பிரியாதவை என்னும் பொருள்பட அகுஸ்தீனார் தம்மைக் குறித்துச் சொன்னதை, கால்வின் தம் நூலின் முகவுரையில் தமக்கும் உரியதாக்கிக்கொண்டார்.

7. சபை அமைப்பிலும் வரலாற்றிலும் அதன் விளைவு

தனி மனிதரின் மனமாற்றம் வரலாற்று முக்கியத்துவம் பெறுவது, அது பிறரையும் உருவாக்கும் ஒழுங்காக மாறும்பொழுதே. ஜெனீவாவுக்குத் திரும்பிய 1541ஆம் ஆண்டிலேயே கால்வின் சபைச் சட்டங்களை வகுத்தார். போதகர், ஆசிரியர், மூப்பர், உதவிக்காரர் என்னும் நான்கு ஊழியங்கள் அவற்றில் ஏற்படுத்தப்பட்டன. ஆசிரியப் பணி தனித்ததொரு சபை ஊழியமாக மதிக்கப்பட்டது கவனத்திற்குரியது.

இன்னும் சிறப்பானது, போதகர்களின் வாராந்தரக் கூட்டம். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் நகரத்துப் போதகரும் சுற்றுப்புறக் கிராமங்களின் போதகரும் கூடினர். ஒருவர் திருமறைப் பகுதியொன்றை விளக்க, மற்றவர் அதைப் பற்றித் தம் கருத்தைக் கூறினர். ஆண்டுக்கு நான்கு முறை போதகர் தங்களுக்குள் ஒருவரையொருவர் ஆராய்ந்து புத்திசொல்லவும் ஏற்பாடு இருந்தது. தனித்துப் படித்துத் தனித்துப் பிரசங்கித்துத் தனித்து முடிவெடுக்கும் போதகரைக் கால்வின் விரும்பவில்லை. சபைக்குப் போதிப்பவர் முதலில் தம் உடன் ஊழியரிடம் போதனை பெறக்கடவர். கால்வினின் மனமாற்றம் இங்கே ஒரு நிலையான சபை வழக்கமாக உருப்பெற்றதைக் காண்கிறோம்.

1559ஆம் ஆண்டு ஜூனில் ஜெனீவாக் கலாசாலை பெசாவின் தலைமையில் தொடங்கப்பட்டது. பல நாடுகளினின்று வந்தோர் அங்கே பயின்றனர். 1555க்கும் 1562க்கும் இடையில் 80க்கும் மேற்பட்ட போதகர்கள், உயிருக்கு ஆபத்து உண்டென்று அறிந்தே, ஜெனீவாவிலிருந்து பிரான்சுக்கு அனுப்பப்பட்டனர். ஜெனீவாவில் தங்கியிருந்து கற்ற ஜான் நாக்ஸ் ஸ்காத்லாந்துக்குத் திரும்ப, 1560ஆம் ஆண்டில் அந்நாடு சீர்திருத்தத்தை ஏற்றது. நெதர்லாந்திலும் ஹங்கேரியிலும் இவ்வியக்கம் வேரூன்றியது.

இவ்வழியின் கிளைகள் தமிழ் நிலத்தையும் எட்டின. 1658ஆம் ஆண்டில் டச்சுக்காரர் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றியபின் அவர்களுடைய சீர்திருத்தச் சபை அங்கு நிறுவப்பட்டது. அமெரிக்க மிஷனரிமார் 1816இல் யாழ்ப்பாணத்திலும் 1834இல் மதுரையிலும், ஸ்காத்லாந்துச் சபையார் 1837இல் சென்னையிலும், அமெரிக்கச் சீர்திருத்தச் சபையார் 1853இல் ஆர்க்காட்டிலும் தொடங்கிய பணிகள் கல்விச்சாலைகளோடு பிணைந்திருந்தது தற்செயலன்று. 1908இல் உருவான தென்னிந்திய ஐக்கிய சபையின் வழியாக இம்மரபு 1947இல் தென்னிந்தியத் திருச்சபைக்குள் வந்து சேர்ந்தது.

8. ஒரு கறை

உண்மையை மறைத்துப் புகழ்வது சபை வரலாற்றாசிரியரின் பணியன்று. 1553ஆம் ஆண்டு அக்டோபர் 27ஆம் நாள், ஸ்பெயின் நாட்டு மருத்துவரான செர்வெட்டஸ், திரித்துவ போதனையையும் குழந்தை ஞானஸ்நானத்தையும் மறுத்தமைக்காக ஜெனீவாவில் எரிக்கப்பட்டார். தீர்ப்பு நகரமன்றத்தினுடையது. எரிப்பதற்குப் பதிலாகக் கடுமை குறைந்த முறையில் தண்டனையை நிறைவேற்றக் கால்வின் கேட்டார், மன்றத்தினர் இணங்கவில்லை. ஆயினும் குற்றஞ்சாட்டியதில் அவருக்குப் பங்கு இருந்தது. மரண தண்டனையை அவர் ஒப்புக்கொண்டார். பின்னர் அதை நியாயப்படுத்தியும் எழுதினார். அக்கால அரசுகள் எங்கும் இவ்வாறே செய்தன என்று கூறுவது உண்மையே. ஆனால் அக்காலத்திலேயே, முன்பு ஜெனீவாப் பள்ளியில் தலைமையாசிரியராயிருந்த கஸ்தேலியோ இதைக் கண்டித்து எழுதினார். மன்னர்க்குரிய இரக்கத்தைப் பற்றி முதல் நூல் எழுதிய கால்வின், அக்குரலிலிருந்து எதையும் கற்றுக்கொள்ளவில்லை.

இங்கே கற்கும் பணிவு என்னும் போதனைக்கே ஓர் இடர் உள்ளது. கடவுளின் வார்த்தைக்கு நான் பணிந்துவிட்டேன் என்று சொல்பவர், தம் விளக்கத்தையே கடவுளின் வார்த்தையாகக் கருதத் தொடங்கினால், பணிவு அதிகாரமாக மாறிவிடுகிறது. மாணாக்கர் மீண்டும் நீதிபதியாகிறார். மனமாற்றம் வாழ்நாள் முழுவதும் தொடரவேண்டும் என்ற கால்வினின் சொந்தப் போதனையே அவருடைய செயலைத் தீர்க்கிறது. 1903ஆம் ஆண்டில் கால்வினின் வழிவந்தோரே, செர்வெட்டஸ் மாண்ட இடத்தினருகே, அப்பிழையை அறிக்கையிட்டு நினைவுக்கல் ஒன்றை நாட்டினர். தம் தந்தையரின் பிழையை ஏற்றுக் கற்றுக்கொண்ட அச்செயலில், கால்வின் மரபின் உயிர்நாடியைக் காண்கிறோம்.

முடிவுரை

மேற்கூறியவற்றிலிருந்து ஊழியத்திலுள்ளோரும் ஊழியத்திற்கு ஆயத்தப்படுவோரும் கருதத்தக்கவை மூன்று.

முதலாவது, மனமாற்றத்தை நாளும் நேரமும் கொண்டு அளக்கும் வழக்கம் நம் சபைகளில் உண்டு. தன் இரட்சிப்பின் தேதியைச் சொல்ல இயலாத விசுவாசி தாழ்வாக எண்ணப்படுவதும், இறையியல் மாணாக்கர் சிலர் இதனால் உள்ளூரக் கலங்குவதும் நாம் அறிந்ததே. வெஸ்லிக்கு நாளும் மணியும் தெரிந்திருந்தன. கால்வினோ தம் மனமாற்றத்திற்கு எந்நாளையும் குறிக்கவில்லை. இருவரையும் ஒரே ஆவியானவர் ஆட்கொண்டார். நாள் தெரிந்தவர் நன்றி செலுத்துவாராக, தெரியாதவர் கலங்காதிருப்பாராக.

இரண்டாவது, மனமாற்றத்தின் அடையாளத்தைக் கால்வின் காட்டிய இடத்தில் தேடுதல் நன்று. உணர்ச்சியின் மிகுதி சிலருக்கு உண்டு, சிலருக்கு இல்லை. ஆனால் திருமறையின்முன் மாணாக்கராக அமரும் மனம் இல்லாத இடத்தில், எத்தனை சிறந்த சாட்சியும் ஐயத்திற்குரியதே. பட்டம் பெற்று, அபிஷேகம் பெற்று, இருபது ஆண்டுகளாகப் பழைய குறிப்பேட்டிலிருந்தே பிரசங்கிப்பவர், கற்கும் பணிவை எப்பொழுது இழந்தோம் என்று தம்மைத்தாமே கேட்பது தகும். போதகர் கூட்டங்களில் கணக்கும் நிர்வாகமும் பேசி முடித்துத் திருமறையைத் திறவாமலே கலையும் வழக்கத்திற்கு, ஜெனீவாவின் வெள்ளிக்கிழமைகள் ஒரு கண்டனமாக நிற்கின்றன.

மூன்றாவது, செர்வெட்டஸின் சாம்பல் நமக்கு எச்சரிக்கையாகும். கற்பிக்கும் அதிகாரம் பெற்ற நாளிலிருந்தே கற்பதை நிறுத்தும் சோதனை தொடங்குகிறது. கால்வின் மரணத்தை நெருங்கிய 1564ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில், நகரமன்றத்தினரையும் உடன் போதகரையும் தனித்தனியே வரவழைத்துப் பேசியபோது, தம் கோபத்தின் கடுமையையும் குறைகளையும் ஒப்புக்கொண்டார். மே 27ஆம் நாள் அவர் மரித்தார். தம் விருப்பப்படியே அடையாளக் கல் எதுவுமின்றி அவர் அடக்கம் செய்யப்பட்டார். தம் மனமாற்றத்தின் நாளைச் சொல்லாமல் சென்ற அவர், தம் கல்லறையின் இடத்தையும் நமக்கு விட்டுச்செல்லவில்லை. அவர் விட்டுச்சென்றவை திறந்த திருமறையும், அதன்முன் மாணாக்கராக அமரும்படியான அழைப்புமே.